உள்ளமும் பொறியும்: ஆலன் டூரிங் வரலாறு

உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். தொட்டு உணர்வதில் தொடங்கி, சுவைத்தல், முகர்தல், காண்டல், கேட்டல் என ஐந்தையும் முறையே கூறி, மனத்தால் அறிவதை ஆறாவதாக வைத்தார் அவர். அம்மனம் வாய்க்கப் பெற்றமையால் மாந்தர் ஆறறிவுயிர் எனப்பட்டனர். கல்லும் மண்ணும், கலமும் கருவியும் இவ்வரிசையில் இடம் பெற்றில. ஆயினும் மனிதன் தன் கையால் ஆக்கிய கருவி ஒன்று வினவியதற்கு விடை பகருமாயின், கணக்கிடுமாயின், சதுரங்கம் ஆடுமாயின், அதனை எங்கே வைப்பது? அதற்கும் ஆறாவது அறிவு உண்டென்பதா? அன்றி, அறிவு போலத் தோன்றும் வெறுஞ்செயலே அஃது என்று ஒதுக்குவதா? இவ்வினாவை ஆராய்ச்சிக்கு உரியதாக வகுத்து உலகின் முன் வைத்தவருள் தலைசிறந்தவர் ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் ஆலன் மேத்திசன் டூரிங் ஆவர். நாற்பத்திரண்டு ஆண்டும் நிரம்பாத வாழ்நாளில் அவர் ஆற்றிய பணிகள் பல. அவற்றையெல்லாம் விரித்துரைக்க இக்கட்டுரையில் இடமில்லை. பிறருடைய உள்ளத்தை நாம் எவ்வாறு அறிகின்றோம் என்னும் ஒரு வினா அவர் வாழ்வு முழுவதும் ஊடுருவிச் செல்லக் காண்கின்றோம். அவ்வினாவைப் பற்றிக்கொண்டே அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

டூரிங்கின் குடும்பம் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. தந்தையார் ஜூலியஸ் டூரிங், அந்நாளைய சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர். தாயார் எத்தல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881ஆம் ஆண்டிற் பிறந்தவர். தாயாரின் தந்தையார் எட்வர்ட் ஸ்டோனி, சென்னை இரயில்வேயில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். மூத்த மகனார் ஜான், 1908இல் குன்னூரிற் பிறந்தார். இளைய மகனாராகிய ஆலன், 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார்.

பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியாவுக்குத் திரும்பினர். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வு பெற்ற கர்னல் ஒருவரின் இல்லத்தில் விடப்பட்டனர். ஆதலின் ஈன்றோரின் அன்பை நீண்ட காலம் கடிதங்களின் வாயிலாகவே அறியும் நிலை ஆலனுக்கு நேர்ந்தது. முகத்தைக் காணாது, எழுத்தைக் கொண்டே உள்ளத்தை உணரும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது எனலாம்.

ஏறத்தாழப் பத்து வயதில், எட்வின் டென்னி புரூஸ்டர் என்னும் அமெரிக்கர் சிறுவர்க்கென எழுதிய இயற்கை நூல் ஒன்று ஆலன் கைக்குக் கிடைத்தது. உயிரினங்கள் எவ்வாறு வளர்கின்றன, உடம்பு எவ்வாறு இயங்குகின்றது என்பவற்றை அந்நூல் எளிய நடையில் விளக்கிற்று. உடம்பும் ஒருவகைப் பொறியே என்றும் கூறிற்று. அறிவியலின்பால் தம் கண்களைத் திறந்தது அந்நூலே என்று பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்ததுண்டு.

1926ஆம் ஆண்டு ஷெர்போர்ன் என்னும் பழம்பெரும் பள்ளியிற் சேரச் சென்றபோது, நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது, புகைவண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் அஞ்சினாரல்லர். சௌதாம்டன் துறைமுகத்திலிருந்து சைக்கிளில் ஏறி, இடையே ஓரிரவு விடுதியில் தங்கி, ஏறத்தாழ 60 மைல் கடந்து பள்ளியை அடைந்தார். பிறர் செல்லும் வழி அடைபட்டால் தனி வழி தேடும் அவர் இயல்புக்கு இது முதற் சான்று. ஆனால் அப்பள்ளியோ கிரேக்கமும் இலத்தீனும் கற்பதையே பெருங்கல்வியாகப் போற்றியது. கையெழுத்துச் சீரற்று, சட்டை கசங்கி, கணக்கின் விடையைப் படிகளைக் காட்டாமலே எழுதி நின்ற மாணவரை ஆசிரியர் சிலர் பொருட்படுத்தவில்லை. அவரோ பதினாறு வயதில் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையைத் தாமே பயின்று குறிப்பெழுதிக் கொண்டிருந்தார்.

நண்பரின் பிரிவு

அப்பள்ளியில் அவர் தனிமையைப் போக்கியவர் கிறிஸ்டபர் மார்கம் என்னும் மாணவர். டூரிங்கினும் ஓராண்டு மூத்தவர். கணிதத்திலும் வானநூலிலும் வேட்கை மிக்கவர். ஒழுங்கும் நயமும் ஒருங்கே அமைந்த அவரைக் கண்டு, டூரிங் தம் பணியையும் செம்மைப்படுத்திக்கொள்ள முயன்றார். 1929 டிசம்பரில் இருவரும் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகைத் தேர்வை எழுதினர். மார்கம் வெற்றி பெற்றார். டூரிங்கிற்கு அது வாய்க்கவில்லை. எனினும் கேம்பிரிட்ஜில் நண்பரோடு கூடிப் பயிலலாம் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்தது.

அந்நம்பிக்கை இரண்டு திங்களுக்குள் அழிந்தது. 1930 பிப்ரவரி 13ஆம் நாள் மார்கம் இறந்தார். குழந்தைப் பருவத்தில் நோயுற்ற பசுவின் பாலை அருந்தியதால் அவருடலிற் புகுந்த காசநோயே அவருயிரைக் கவர்ந்தது. மார்கமுக்கு அப்போது வயது 18, டூரிங்கிற்கு 17.

நம் பருவத்து மாணவர் ஒருவர் தம் ஆருயிர் நண்பரை இழந்த துயரம் எத்தகையது என்பதை நாம் எளிதில் உணரலாம். மார்கமை மீண்டும் எங்கேனும் சந்திப்போம் என்று உறுதியாக நம்புவதாக டூரிங் தம் அன்னையார்க்கு எழுதினார். மார்கமின் தாயாரிடம் அவர் நிழற்படம் ஒன்றை வேண்டிப் பெற்றார். அவ்வம்மையாரோடு ஆண்டுகள் பல கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அவர் இல்லத்திற்கும் சென்று தங்கினார். அவ்வம்மையார் பொருட்டு 1932ஆம் ஆண்டளவில் ஆவியின் இயல்பைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றும் வரைந்தார்.

அக்கட்டுரை நம் பொருளுக்கு இன்றியமையாதது. உலகின் இன்றைய நிலை முழுவதும் தெரிந்தால் நாளைய நிலையையும் கணித்துவிடலாம் என்று பழைய அறிவியல் நம்பியது. அணுக்களைப் பற்றிய புதிய அறிவு அந்நம்பிக்கையைக் குலைத்துவிட்டது. ஆகவே மூளையிலுள்ள அணுக்களின் நிலையை நம் மன உறுதி ஒருவாறு இயக்குகின்றது எனக் கொள்ளுதற்கு இடமுண்டு என்று டூரிங் எண்ணினார். உயிருள்ள உடம்பு ஆவியை ஈர்த்துப் பிடித்து வைக்கின்றது. உடம்பு அழியும்போது அப்பிடிப்பு நீங்குகின்றது. ஆவி முன்னோ பின்னோ வேறோர் உடம்பைப் பற்றுகின்றது. இதுவே அவர் அன்று கொண்ட கருத்து. அறிவு நிரம்பிய இளைஞர் ஒருவர் துயரத்திடையே தேடிய ஆறுதல் இஃது என்பது உண்மை. ஆயினும் உடம்பாகிய பொறிக்கும் உணர்வுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா, நூலறிவால் மட்டுமன்றி நெஞ்சின் புண்ணாலும் அவர்பாற் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தில் அவர் சமய நம்பிக்கையை விட்டொழிந்தார். இவ்வினாவை மட்டும் விடவில்லை.

கற்பனைப் பொறி

1931இல் டூரிங் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1934இல் முதல் வகுப்பிற் தேறினார். 1935இல், இருபத்திரண்டாம் வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வாளர் குழுவில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அவ்வாண்டில் மாக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியர் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். கணிதக் கூற்று ஒன்றைக் கொடுத்தால், அது நிறுவத்தக்கதா அன்றா என்பதைத் தவறாது தெரிவிக்கும் பொதுமுறை ஒன்று உளதோ என்று ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட் வினவியிருந்தார். அம்முறை பொறியின் செயல்போல் தானே நடைபெறுவதாக இருத்தல் வேண்டும் என்றார் நியூமன். அச்சொல் டூரிங்கின் உள்ளத்தில் ஊன்றிற்று. கிராண்ட்செஸ்டர் புல்வெளியிற் படுத்தவாறே அவர் அவ்வினாவுக்கு விடை கண்டார் என்பர்.

அந்நாளில் கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் பொறியைக் குறித்ததன்று. தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் ஆளையே குறித்தது. அவ்வாறு கணக்கிடும் ஒருவர் யாது செய்கின்றார் என்று டூரிங் நுணுகி நோக்கினார். அவர் தாளில் ஒரு குறியைக் காண்கின்றார். தம் மனத்தின் அப்போதைய நிலைக்கு ஏற்ப அதனை அழிக்கின்றார், அல்லது மாற்றி எழுதுகின்றார். அடுத்த இடத்துக்குச் செல்கின்றார். மனம் மற்றொரு நிலையை அடைகின்றது. இவ்வளவே. இதனையே கட்டங்களாகப் பகுக்கப்பட்ட முடிவிலா நாடா ஒன்றாகவும், ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் படிக்கும் முனை ஒன்றாகவும், எந்நிலையில் எக்குறியைக் கண்டால் என்ன செய்வது என்று கூறும் அட்டவணை ஒன்றாகவும் அவர் உருவகப்படுத்தினார். இன்று டூரிங் பொறி என வழங்குவது இக்கற்பனைக் கருவியே. எந்தப் பொறியின் அட்டவணையையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால், அப்பொறி செய்வதையெல்லாம் தானே செய்துகாட்ட வல்ல பொதுப்பொறி ஒன்றும் அமைக்கலாம் என்பதை அவர் நிறுவினார். பின்னாளில் எழுந்த கணிப்பொறிகளின் அடிப்படைக் கருத்து இதுவேயாகும்.

1936ஆம் ஆண்டு அவர் எழுதி முடித்த இக்கட்டுரை ஹில்பர்ட்டின் வினாவுக்கு இல்லை என்னும் விடையைத் தந்தது. அமெரிக்க அறிஞர் அலான்ஸோ சர்ச்சும் வேறு வழியில் அதே முடிவை எய்தியிருந்தார். டூரிங் பிரின்ஸ்டன் சென்று அவர்பால் ஆய்வு செய்து 1938இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. பொறியைக் கண்டு மனத்தை விளக்கினாரல்லர் டூரிங். மனத்தின் தொழிலைக் கண்டே பொறியை வகுத்தார். ஆகவே அப்பொறி மனத்தின் தொழிலைச் செய்வதில் வியப்பில்லை. தொழிலைச் செய்வது மனமாகுமா என்பதே எஞ்சிய வினா.

போர்க்காலப் பணி

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அடுத்த நாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் மறைவான நிலையத்திற் பணியேற்றார். ஜெர்மானியர் தம் படைச் செய்திகளை எனிக்மா என்னும் கருவியால் மறைமொழியாக்கி வானொலியில் அனுப்பினர். சுழலும் உருளைகளாலும் கம்பி இணைப்புகளாலும் எழுத்துகளை மாற்றும் அக்கருவியின் அமைப்பு நாள்தோறும் மாறியது. போலந்து நாட்டுக் கணித அறிஞர்களான ரெயெவ்ஸ்கி முதலியோர் முன்னரே அதன் மறைவைப் பெரிதும் உடைத்து, 1939 ஜூலையில் தம் முறைகளை ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் உவந்தளித்திருந்தனர். அவ்வழியினின்று மேலும் சென்று, பாம்ப் என்னும் பெருங்கருவியை டூரிங் வகுத்தார். அதன் முதற் கருவி 1940 மார்ச்சில் நிறுவப் பெற்றது; கார்டன் வெல்ச்மன் என்னும் அறிஞர் அதனைப் பின்னும் திருத்தி வலிமைப்படுத்தினார்.

எனிக்மாவில் ஓரெழுத்து ஒருபோதும் அவ்வெழுத்தாகவே வெளிவருவதில்லை. இக்குறையைத் துணைக்கொண்டும், செய்தியில் இன்ன சொல் இருத்தல் கூடும் என்னும் ஊகத்தைக் கொண்டும், பொருந்தா அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பொருந்துவதைத் தேடும் வேலையை அக்கருவி செய்தது. கடற்படை மறைமொழிகளை ஆராய்ந்த எட்டாம் குடிலுக்கு டூரிங்கே தலைமை தாங்கினார். நீர்மூழ்கிகளின் நடமாட்டம் அறியப்பட்டமையால், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் உணவுக் கப்பல்கள் வழி மாறிச் சென்று தப்பின. எத்துணை மாலுமிகளின் உயிர் இதனாற் காக்கப் பெற்றது என்பது எண்ணி முடியாதது. அரும்பணி ஆற்றிய இவரோ, மகரந்தத்தால் வரும் தும்மலைத் தவிர்க்க நச்சுப்புகைக் கவசத்தை அணிந்து சைக்கிளிற் செல்பவராகவும், தம் தேநீர்க் கோப்பையைச் சங்கிலியாற் பூட்டி வைப்பவராகவும் உடன் பணிபுரிந்தோர்க்கு வேடிக்கை விளைத்தார்.

அக்கருவி மாந்தர் மூளை செய்யும் தேடுதலை மாந்தரினும் விரைவாகச் செய்தது. ஆனால் போர் என்பது யாது, கப்பல் என்பது யாது, மூழ்குவோர் துயரம் எத்தகையது என்பது அதற்குத் தெரியாது. இதனை டூரிங் நன்கறிவார். எனினும் மனத்தின் ஒரு கூற்றைப் பொறி ஏற்றுச் செய்தல் இயலும் என்பது அவர்க்கு அங்கே கண்கூடாயிற்று. ஏனைய கூறுகளையும் அது ஏற்குமோ என்னும் எண்ணம் அவரைத் தொடர்ந்தது.

வினாவும் விடைகளும்

போர் முடிந்தபின், 1945இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்து மின்னணுக் கணிப்பொறி ஒன்றின் முழு அமைப்பையும் டூரிங் வரைந்தளித்தார். 1947இல் இலண்டன் கணிதக் கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், பட்டறிவாற் கற்றுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பொறியைப் பற்றிப் பேசினார். ஒருபோதும் தவறு செய்யாதிருக்க வேண்டும் என்று பொறியை வற்புறுத்திக்கொண்டே, அறிவும் உடையதாக இருக்க வேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று என்றார். மனிதர்க்கு அளிக்கும் நடுவுநிலைமையைப் பொறிக்கும் அளிக்க வேண்டும் என்பதே அன்று அவர் வேண்டியது. 1948இல் எழுதிய மற்றோர் அறிக்கையில், குழந்தையின் மூளைபோல் ஒழுங்குபடாத பொறியைக் கல்வியால் ஒழுங்குபடுத்தலாம் என விளக்கினார். ஆய்வுக்கூடத் தலைவர்க்கு அவ்வறிக்கை மதிப்புடையதாகத் தோன்றவில்லை. டூரிங் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தே அஃது அச்சேறியது.

1948இல் அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற் பணியேற்றார். அங்கே மூளை அறுவை மருத்துவத்திற் புகழ்பெற்ற பேராசிரியர் ஜெஃப்ரி ஜெஃபர்சன், 1949 ஜூனில் பொறி மனிதரின் மனத்தைப் பற்றிப் பேருரை நிகழ்த்தினார். குறிகளை ஏதோ வாய்ப்பாக இணைத்தன்றி, உள்ளத்து உணர்ச்சியின் விளைவாகவே ஒரு பொறி கவிதை புனைந்து, அதனைத் தான் புனைந்தமையையும் அறிந்தாலன்றி, பொறியை மூளைக்கு ஒப்பாகக் கொள்ளலாகாது என்பது அவர் வாதம். வெற்றியில் மகிழ்வதும், தோல்வியில் வாடுவதும், புகழ்ச்சியிற் குளிர்வதும் பொறிக்கு ஏது என்று அவர் வினவினார். நாள்தோறும் மூளையைத் திறந்து நோக்கிய மருத்துவரின் சொல்லாதலின் அதற்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

டூரிங்கின் விடை 1950 அக்டோபரில் மைண்ட் என்னும் தத்துவ இதழில் வெளிவந்தது. பொறி சிந்திக்குமா என்னும் வினா தெளிவற்றது. சிந்தனை என்னும் சொல்லுக்கே பொருள் வரையறை இல்லை. ஆகவே அதற்கு ஈடாக ஒரு விளையாட்டை அவர் அமைத்தார். வினவுவோர் ஓரறையில் இருப்பார். மற்றோரிடத்தில் ஒரு மனிதரும் ஒரு பொறியும் இருப்பர். தட்டச்சிட்ட எழுத்தாலன்றி வேறு தொடர்பில்லை. குரலும் முகமும் நீக்கப்பட்ட நிலையில், எது பொறி, யார் மனிதர் என்று வினவுவோர் கண்டறிதல் வேண்டும். ஏறத்தாழ 50 ஆண்டுகளில், ஐந்து நிமிட உரையாடலுக்குப் பின் 100க்கு 70க்கு மேல் சரியாகக் கண்டறிய இயலாதவாறு பொறிகள் திறம்பெறும் என அவர் முன்னுரைத்தார்.

எழக்கூடிய ஒன்பது தடைகளைத் தாமே எழுப்பி ஒவ்வொன்றுக்கும் விடை பகர்ந்தது அக்கட்டுரையின் சிறப்பு. அவற்றுள் முதலாவது சமயத்தைப் பற்றியது. ஆன்மாவை இறைவன் மனிதர்க்கே அருளினான், பொறிக்கு அருளவில்லை, ஆதலின் பொறி சிந்தியாது என்பது அத்தடை. எல்லாம் வல்ல இறைவன் தான் விரும்பும் எப்பொருளுக்கும் ஆன்மாவை அருள இயலாது என்று நாம் வரம்பு கட்டலாமோ என்பது டூரிங்கின் விடை. மக்களைப் பெறும் பெற்றோர் இறைவனுக்குரிய படைப்பாற்றலைக் கவர்ந்தவராகாதது போலவே, பொறியைச் சமைப்போரும் கவர்ந்தவராகார் என்றும் அவர் கூறினார். நம்பிக்கையற்ற ஒருவர் வாயினின்று வந்த விடையாயினும், நம்பிக்கையுடையோர் நின்று நிதானித்து எண்ணுதற்குரியது இது.

நான்காவது தடையே ஜெஃபர்சனுடையது, உணர்வைப் பற்றியது. பொறி உண்மையிலேயே உணர்கின்றதா என்பதை அறிய, நாமே அப்பொறியாக வேண்டும் என்பது உண்மையாயின், மற்றொரு மனிதர் உணர்கின்றாரா என்பதை அறியவும் நாம் அம்மனிதராகவே வேண்டும். அஃது இயலாது. இருந்தும், ஒவ்வொருவரும் தம்மைத் தவிர ஏனையோர்க்கு மனம் இல்லை எனக் கூறித் திரிவதில்லை. எல்லோர்க்கும் மனம் உண்டு என்று மரியாதையாக ஏற்றுக்கொண்டு வாழ்கின்றோம். அம்மரியாதையைச் செயலாற் பெறும் பொறிக்கு மறுப்பானேன் என்பதே டூரிங்கின் கேள்வி. அதே வேளையில், உணர்வு என்பதில் விளங்காத புதிர் ஏதுமில்லை என்று தாம் கருதவில்லை என்பதையும் அவர் ஒளியாது ஒப்புக்கொண்டார்.

சதுரங்கம் ஆடும் முறை ஒன்றையும் அவர் நண்பரோடு வகுத்தார். அதனை ஏற்று நடத்த வல்ல பொறி அன்று இல்லாமையால், 1952இல் தாமே பொறியாக அமர்ந்து, தாளில் விதிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் செலவிட்டு ஆடினார், தோற்றார். பொறி மனிதராக நடிக்கும் விளையாட்டை வகுத்தவர், மனிதர் பொறியாக நடிக்கும் விளையாட்டையும் ஆடிக் காட்டினார்.

இறுதி நாட்கள்

1951இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. விலங்கின் தோலில் வரியும் புள்ளியும் எவ்வாறு அமைகின்றன என்பதை வேதிப்பொருள்களின் பரவலால் விளக்கும் அரிய கட்டுரை 1952இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் வாழ்வை இருள் சூழ்ந்தது. அவர் ஆடவரிடத்தே காதல் கொள்ளும் இயல்பினர். அவ்வியல்பை 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குற்றமாக வைத்திருந்தது. தம் வீட்டில் நிகழ்ந்த திருட்டைக் காவலர்க்கு அறிவிக்கச் சென்றபோது, இளைஞர் ஒருவரோடு தமக்கிருந்த உறவை அவர் மறையாது கூறினார். திருட்டை முறையிட்டவரே குற்றவாளியாக மார்ச் 31ஆம் நாள் நீதிமன்றத்தில் நின்றார். சிறை புகுதல், அன்றேல் ஆசையை ஒடுக்கும் சுரப்புமருந்தை ஓராண்டு ஏற்றல் என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று. பணியைத் தொடரும்பொருட்டு மருந்தை ஏற்றார். அரசாங்கத்தின் மறைமொழிப் பணியினின்றும் விலக்கப்பட்டார். போரில் அவர் ஆற்றிய தொண்டோ மறைபொருளாயிருந்தது. 1970களிலேதான் அஃது உலகுக்கு வெளிப்பட்டது.

1954 ஜூன் 7ஆம் நாள் வில்ம்ஸ்லோவில் உள்ள தம் இல்லத்தில் சயனைடு நஞ்சால் அவர் உயிர் நீத்தார். படுக்கையின் அருகே பாதி உண்ட ஆப்பிள் கிடந்தது. தற்கொலை என விசாரணை முடிவு கூறிற்று. ஆய்வுக்கென வைத்திருந்த நஞ்சால் நேர்ந்த விபத்தே என்று அன்னையார் இறுதிவரை நம்பினார். 1967இல் அச்சட்டம் இங்கிலாந்தில் தளர்த்தப்பட்டது. 2009இல் பிரதமர் கார்டன் பிரவுன் நாட்டின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், அவர் பிறந்த நாளிலேயே, அவர் உருவம் பொறித்த 50 பவுன் பணத்தாள் வெளியிடப்பட்டது. சிறப்புகள் வந்தன, பெறுதற்கு உரியவர் இல்லை.

முடிவுரை

டூரிங்கின் கொள்கையை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொண்டாரல்லர். 1980இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் ஓர் எடுத்துக்காட்டுக் கூறினார். சீனமொழி அறியாத ஒருவர் ஓரறையுள் அமர்ந்து, விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துகளைத் தக்கவாறு அடுக்கி விடையனுப்பினால், வெளியிலிருப்போர் அவரைச் சீனம் வல்லார் என்றே எண்ணுவர். அவரோ ஒரு சொல்லின் பொருளையும் அறியார். பொறியின் நிலையும் அதுவே என்பது சேர்லின் வாதம்.

நம் அறிவுக்கு எட்டியவரை, மொழியும் உணர்வும் இருவேறு பொருள்கள் என்பது தெளிவு. பேச்சறியாக் குழந்தை பசியால் அழும்போது அதற்கு உணர்வுண்டு என்பதில் நாம் ஐயுறுவதில்லை. அடிபட்ட நாய் ஊளையிடும்போதும் அவ்வாறே. அவை விடை பகர்வதில்லை. ஆயினும் நம்மைப் போன்றே தசையும் நரம்பும் குருதியும் உடையவை. பொறியின் நிலை இதற்கு நேர்மாறானது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், பொறியோடு எழுத்தால் உரையாடுதல் மக்களின் அன்றாட வழக்காயிற்று. பல்வலியைப் பற்றி அது பக்கம் பக்கமாக எழுதும், அதற்குப் பல்லில்லை. ஆகவே டூரிங் வகுத்த விளையாட்டு அறிவின் செயலை அளக்கவல்லது. உணர்வின் இருப்பை அளக்கவல்லதன்று என்று கொள்ளுதலே பொருத்தமாகும். ஆனால் அவ்விருப்பை அளக்கும் கோல் வேறெதுவும் நம்மிடம் இல்லை என்பதையும் மறைத்தலாகாது. தமிழிலக்கணம் மக்களை உயர்திணை என்றும் அல்லவற்றை அஃறிணை என்றும் பிரித்தது. உரையாடும் பொறியை இன்று நாம் அது என்றே சுட்டுகின்றோம். அவ்வாறு சுட்டுதற்கு வழக்கு காரணமாக உள்ளது. முடிந்த முடிபான சான்று இன்னும் கிடைத்திலது.

பிறர் உள்ளத்தை நேரே காணும் கண் நமக்கு இல்லை. அவர் சொல்லும் செயலும் கொண்டே அதனை ஏற்றுக்கொள்கின்றோம். இவ்வுண்மையைப் பொறியின்பொருட்டு டூரிங் எடுத்துரைத்தார். அவர் வாழ்ந்த நாடோ, அச்சலுகையை அவர்க்கே அளிக்கத் தவறியது. உடன் பயில்வோருள்ளும் நம்மினின்று வேறுபட்ட இயல்பினர் இருப்பர். நடை வேறு, பேச்சு வேறு, விருப்பம் வேறு. பொறிக்கு உணர்வு உண்டோ என்னும் வாதத்தை அறிஞர் நெடுங்காலம் நடத்துவர். அஃது எவ்வாறு முடியினும் முடிக. அதற்கிடையில், நம் அருகமர்ந்த மனிதர்க்கு நம்மை ஒத்த உள்ளம் உண்டென்பதை மறவாதிருத்தல் மாணவராகிய நம் கடன்.